வெள்ளைக் கழிச்சல்: ஒரு கோழி நோயின் வரலாறு

முதல் நாள் அந்தி வரையில் குப்பைமேட்டின் மீது ஏறி நின்று தெருவெல்லாம் கேட்கும்படி கூவிய சேவல், மறுநாட் காலையில் கூண்டின் ஒரு மூலையில் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருப்பதும், இரண்டொரு நாட்களுக்குள் அது தலை தொங்கி மாய்வதும், பிறகு அவ்வீட்டுப் பெட்டைகளும் குஞ்சுகளும் ஒவ்வொன்றாக அதே கதியை அடைவதும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த துயரம். ‘கோழி தூங்குகிறது’ என்னும் பேச்சு ஒரு வீட்டில் எழுந்துவிட்டால், அண்டை வீட்டுப் பெண்கள் தங்கள் கோழிகளைப் பற்றிக் கவலைகொள்ளத் தொடங்கிவிடுவார்கள். ஏனெனில், அந்தத் தூக்கம் எத்தகையது என்பதையும், அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பதையும் அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். எச்சம் வெளுத்தும் பச்சை கலந்தும் நீராகக் கழிவதைக் கண்டு அந்நோய்க்கு வெள்ளைக் கழிச்சல் என்று பெயரிட்டதும் அவர்களே. குறிகளை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்த மக்களுக்கு அதன் காரணம் மட்டும் புலப்படாமலே இருந்தது. அக்காரணத்தை உலகம் தெரிந்துகொண்டது இருபதாம் நூற்றாண்டின் மூன்றாம் தசாப்தத்திலேதான்.

சேவலை நுணுகிக் கவனிக்கும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்திலும், செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இந்தளூரிலும் சேவற்போரில் மாண்ட சேவல்களுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கற்களில் சேவலின் உருவமும், அது எந்தச் சேரிக்காக நின்று போரிட்டது என்பதைத் தெரிவிக்கும் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. போரில் வீழ்ந்த வீரனுக்குச் செய்யும் மரியாதையை ஒரு பறவைக்கும் செய்த சமூகம், அப்பறவையின் உடல்நிலையை எவ்வளவு அக்கறையோடு பேணியிருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். குறுந்தொகையில் சேவற்போரை உவமையாக அமைத்துப் பாடிய புலவர் ஒருவர் குப்பைக் கோழியார் என்ற பெயராலேயே அறியப்படுகிறார். முருகவேளின் கொடியிலே இடம்பெற்ற சேவல், குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவல், போருக்காக வளர்க்கும் சேவல், வீட்டுக் குழந்தைகளோடு குழந்தையாகத் திரியும் சேவல் என்று அது நம் வாழ்வில் பல நிலைகளில் பழகிவந்திருக்கிறது.

இவ்வாறு பழகியதன் பயனாக, சேவல் வளர்ப்பவர்களிடத்தில் ஒருவகை நோயறி முறை தானாகவே உருவாயிற்று. விடியலில் கூவாத சேவலை அவர்கள் உடனே கையில் எடுத்துப் பார்ப்பார்கள். கொண்டை செந்நிறம் மங்கிக் கறுத்திருக்கிறதா, முதல் நாள் தின்ற தீனி தீனிப்பையில் செரியாமல் தங்கியிருக்கிறதா, மூக்கிலும் வாயிலும் கோழை வடிகிறதா, மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கரகரவென்ற ஓசை எழுகிறதா என்பவற்றையெல்லாம் கண்ணாலும் விரலாலும் காதாலும் ஆராய்வார்கள். எச்சத்தின் நிறமும், இறக்கை தொங்கும் விதமும், கால் ஊன்றும் தன்மையும் அவர்களுக்கு நோயின் குறிகளாயின. பிறகு சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்னவெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்துச் சிறு உருண்டைகளாக உருட்டி ஊட்டுவார்கள். செரியாமையாலோ குளிரினாலோ தளர்ந்த பறவை இதனால் தேறியதும் உண்டு. ஆனால், வெள்ளைக் கழிச்சல் கண்ட பறவைக்கு இம்மருந்து பெரும்பாலும் பயன்படவில்லை. உருண்டையை ஊட்டிய கை உலர்வதற்குள் அடுத்த பறவை தூங்கத் தொடங்கியது. நோயை அறியும் திறமை இருந்தும் நோயை நிறுத்தும் வழி இல்லாமற் போனது ஏன் என்பதே இந்த வரலாற்றின் மையமான வினா.

இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி ஐரோப்பாவில் வேறொரு கோழி நோயிலிருந்து தொடங்கியது. 1878-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பெரொன்சித்தோ, கோழிக் காலரா என்னும் கொள்ளை நோயால் இறந்த பறவைகளின் உடலில் நுண்ணிய கிருமிகள் இருப்பதைக் கண்டார். பிரான்ஸின் துலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவப் பேராசிரியரான தூஸேன், அந்நோயால் மாண்ட சேவல் ஒன்றின் தலையை லூயி பாஸ்டருக்கு அனுப்பிவைத்தார். பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் அக்கிருமியைக் குழம்பில் வளர்த்து ஆராய்ந்து வந்தபோது, 1879-இல் கோடை விடுமுறையை ஒட்டி நெடுநாள் கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய வளர்ப்பைக் கோழிகளுக்கு ஊசியால் செலுத்த நேர்ந்தது. அக்கோழிகள் சிறிது நலங்குன்றிப் பிறகு தேறின. வீரியமிக்க புதிய வளர்ப்பைப் பின்னர் அவற்றுக்குச் செலுத்தியபோதும் அவை சாகவில்லை. 1880-இல் பாஸ்டர் இச்செய்தியை அறிவியற் கழகத்தின்முன் வைத்தார். வீரியம் குறைந்த கிருமியைக் கொண்டே வீரியமுள்ள கிருமியை எதிர்க்கும் ஆற்றலை உடலுக்கு உண்டாக்கலாம் என்ற பேருண்மை, ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக வெளிப்பட்டது கோழியின் உடலிலேதான். பின்னாளில் மனித குலத்தைப் பல கொள்ளை நோய்களிலிருந்து காத்த தடுப்பு மருந்துகளெல்லாம் இந்த ஆராய்ச்சிக்குக் கடமைப்பட்டவை.

ஆயினும் கோழிகளின் திடீர் மரணத்துக்குக் காரணம் ஒன்றே என்று எண்ணிவிடுவதற்கில்லை. வட இத்தாலியில் கோழிக் காலராவைப் போலவே விரைந்து கொல்லும் மற்றொரு கொள்ளை நோய் இருப்பதைப் பெரொன்சித்தோ அதே 1878-இல் விவரித்தார். 1901-இல் சென்தான்னி, சவொனுத்சி என்னும் அறிஞர்கள், அந்நோயின் கிருமி மிக நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லக்கூடியது என்று காட்டினர். சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத அத்தகைய நோய்க் காரணிகளை இன்று வைரஸ் என்று வழங்குகிறோம். அக்கோழிக் கொள்ளை நோய் மனிதருக்கு வரும் இன்புளூயன்சாவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 1955-இல் ஷேஃபர் நிறுவினார்.

குறிகள் ஒத்திருக்கக் காரணம் முற்றிலும் வேறாக இருப்பதற்கு ஜாவாத் தீவில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியே சிறந்த சாட்சி. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்தேவியா நகரத்து ராணுவ மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் சோர்ந்து, நடை தள்ளாடி, விழுந்து கிடந்தன. அங்கே பணிபுரிந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் முதலில் அதனைத் தொற்றுநோய் என்றே எண்ணினார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோறு அக்கோழிகளுக்குச் சில மாதங்களாக உணவாக இடப்பட்டு வந்தது என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்த பின்னர் அவை தேறின என்பதும் பிறகு தெரியவந்தன. தவிட்டில் உள்ள ஒரு பொருள் இல்லாமையே நோயின் மூலம் என்ற உண்மைக்கு அந்த ஆராய்ச்சி வழிகாட்டியது. மனிதரின் பெரிபெரி நோய்க்கு விடை கிடைத்ததும், வைட்டமின்களைப் பற்றிய அறிவு வளர்ந்ததும் அதன் விளைவுகள். 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கால் விழுந்த கோழிக்குத் தவிடு போதும் என்ற நிலையும் உண்டு, எந்த மருந்தும் போதாத நிலையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதற்குக் கண்ணின் கூர்மையோடு சோதனையும் வேண்டியிருந்தது.

அத்தகைய சோதனையே 1926-இல் வெள்ளைக் கழிச்சலின் மறைவிடத்தைக் கண்டுபிடித்தது. அவ்வாண்டு ஜாவாவில் கோழிகளைப் பேரளவில் அழித்த ஒரு நோயைக் கிரானவெல்ட் விவரித்தார். அதே ஆண்டின் வசந்த காலத்தில், இங்கிலாந்தில் டைன் நதிக்கரையிலுள்ள நியூகாஸில் துறைமுகத்தை அடுத்த பண்ணையொன்றில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கீழ்த்திசையிலிருந்து வந்த கப்பல் ஒன்றின் வாயிலாக அந்நோய் அங்கே இறங்கியிருக்கலாம் என்பது பலரது அபிப்பிராயம். அதனை ஆராய்ந்த டாயில், நியூகாஸிலின் நோயும் பழைய கோழிக் கொள்ளை நோயும் ஒன்றா என்று அறிய விரும்பி, ஒன்றினை எதிர்க்கும் ஆற்றல் பெற்ற பறவைகளுக்கு மற்றதைச் செலுத்திப் பார்த்தார். அவ்வாற்றல் அவற்றைக் காக்கவில்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு வைரஸ்களால் விளைபவை என்று 1927-இல் தெளிவாக எழுதினார். 1896-இலேயே ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கோழிகளையெல்லாம் மாய்த்த நோயும் இதுவாகவே இருக்கலாம் என்று பின்னர் ஓர் ஆராய்ச்சியாளர் கருதினார். ஆகையால் 1926 என்பது இந்நோய் பிறந்த ஆண்டு என்பதைவிட, மனிதன் அதனை அடையாளங்கண்ட ஆண்டு என்பதே பொருத்தம்.

இந்தியாவில் இதனை அடையாளங்காணும் பொறுப்பு இமயமலைச் சாரலில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வாய்த்தது. மாடுகளை வாரிக்கொண்டுபோன கொள்ளை நோயை ஆராய்வதற்காக 1889-இல் புனாவில் தொடங்கப்பெற்ற அரசாங்க நுண்கிருமி ஆய்வுக்கூடம், கொடிய கிருமிகளைக் கையாளும் இடம் ஊர்களுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தால், 1893-இல் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள முக்தேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது. ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் 1897-இல் அங்கே வந்து பார்வையிட்டார். மாட்டு நோய்க்கு வெள்ளாட்டின் உடல் வழியாகத் தடுப்பு மருந்து காண்பதில் புகழ்பெற்ற எட்வர்ட்ஸ் அந்நிலையத்தை நடத்திவந்த காலத்தில், அதே குமாவுன் மலையில் ராணுவத்தார் தங்கியிருந்த ராணிக்கேத் நகரத்தில் கோழிகளுக்குக் கொடிய நோய் கண்டது. அதனை அவர் 1928-இல் பதிவு செய்தார். 1931-இல் கூப்பர் அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அன்று முதல் இந்திய நூல்களில் அவ்வூரையொட்டி அதன் பெயர் இராணிக்கெட் நோய் என்று நிலைபெற்றது. நியூகாஸிலில் கண்டதும், ஜாவாவில் கண்டதும், இராணிக்கெட் என்று இங்கே பெயர்பெற்றதும், நம் கிராமத்தார் வெள்ளைக் கழிச்சல் என்று அறிந்ததும் ஒரே நோய்தான் என்பது ஆராய்ச்சியால் உறுதியாயிற்று.

இனி அந்நோயின் போக்கைச் சற்றே நோக்குவோம். கிருமி உடலுக்குள் புகுந்தபின் இரண்டு முதல் பதினைந்து நாட்கள் வரையிலும், பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள் வரையிலும் பறவை வெளிக்குச் சுகமாகவே காணப்படும். பிறகு சில பறவைகள் எவ்விதக் குறியும் காட்டாமலே இறந்துபோகும். மற்றவை தீனியை வெறுத்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். கண்ணைச் சுற்றி வீக்கம் காணும். எச்சம் பச்சையும் வெண்மையும் கலந்து நீராகும். இந்நிலையைக் கடந்து பிழைத்தவற்றுள் சிலவற்றுக்கு நரம்புகள் தாக்கப்பட்டு, கழுத்து முறுக்கிக்கொண்டு தலை பின்புறமாகத் திரும்பும். ஒரு காலோ இறக்கையோ செயலற்றுப் போகும். பறவை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் வீரியமிக்க கிருமி புகுந்தால், ஏறக்குறைய எல்லாப் பறவைகளும் மாண்டுபோவதும் உண்டு. நோயுற்ற பறவையின் மூச்சும் கோழையும் எச்சமும் கிருமியைச் சுமந்திருப்பதால், அவை படிந்த தண்ணீர்த் தொட்டியும், கூண்டும், வளர்ப்பவரின் கையும் காலும்கூட அதனை அடுத்த பறவைக்குக் கொண்டுசெல்கின்றன.

நம் கிராமங்களில் கையாண்ட சில பழக்கங்கள் நோய்க்குத் துணைபுரிந்தன என்பதை இங்கே வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. கோழி தூங்கத் தொடங்கியதும், சாவதற்குள் அதனை அறுத்துச் சமைப்பதும், அரைவிலைக்குச் சந்தையில் விற்றுவிடுவதும், இறந்ததை ஓடையிலோ வேலிக்கு அப்பாலோ எறிந்துவிடுவதும் ஏழைக் குடும்பங்கள் தங்கள் நஷ்டத்தைச் சிறிதேனும் குறைத்துக்கொள்ளச் செய்த காரியங்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை; சேவலும் நான்கு பெட்டைகளுமே ஒரு விதவையின் சேமிப்பாக இருந்த காலம் அது. ஆனால் அறுத்த இடத்தில் எறிந்த இறகும் குடலும் அயல்வீட்டுக் கோழிகளைச் சென்றடைந்தன. சந்தையில் கைமாறிய பறவை மற்றோர் ஊருக்கு நோயைக் கொண்டுசேர்த்தது. நோயுற்ற பறவையைத் தனித்து வைப்பதும், இறந்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்பதும் அல்லது எரிப்பதும், கூண்டைக் கழுவி வெள்ளையடித்து வெயிலில் காயவிடுவதும் அக்காலத்தில் யாரும் எடுத்துச் சொல்லாத, ஆயினும் எவரும் செய்யக்கூடிய பரிகாரங்கள்.

தடுப்பு மருந்தைத் தேடும் முயற்சி பல ஆண்டுகள் நீடித்தது. 1931-இல் அமெரிக்காவின் குட்பாஸ்சரும் உட்ரஃபும், கரு வளரும் கோழி முட்டைக்குள் வைரஸைப் பெருக்கலாம் என்று காட்டியது இம்முயற்சிக்குப் புதிய பாதையைத் திறந்தது. 1940-இல் ஐயர், டாப்ஸன் என்னும் இருவர், முட்டையிலிருந்து முட்டைக்குத் தொடர்ந்து மாற்றி வளர்ப்பதால் இந்த வைரஸின் வீரியம் குறைவதைக் கண்டு, அதனைக் கொண்டு கோழிகளுக்குக் காப்பளிக்கும் முறையை வெளியிட்டனர். முக்தேஸ்வரத்தில் ஹாடோவும் இத்னானியும் இதே வழியில் உழைத்து, 1946-இல் முக்தேஸ்வர வகை என்று உலகெங்கும் வழங்கும் தடுப்பு மருந்தை விவரித்தனர். மலையுச்சியிலிருந்த ஒரு சிறு நிலையத்தில் உருவான அம்மருந்து, இந்நாட்டுக் கோடிக்கணக்கான கோழிகளுக்குக் கவசமாயிற்று. வளர்ந்த பறவைகளுக்கு அது நெடுநாள் காப்பளித்தது. ஆனால் இளங்குஞ்சுகள் அதன் கடுமையைத் தாங்கவில்லை. ஆகவே அவற்றுக்கு இன்னும் மென்மையான வகைகள் பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவதும், எட்டு வாரம் நிறைந்தபின் இறக்கையின் தோலுக்கடியில் அரை மில்லி ஊசியாகச் செலுத்துவதும் வழக்கமாகிவிட்டன. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இம்மருந்தைத் தயாரித்து வழங்குகிறது. கோடைக்கு முன்னதாகப் பிப்ரவரி மாதத்தில் இருவார முகாம் நடத்திக் கிராமக் கோழிகளுக்கு அதனைச் செலுத்தும் ஏற்பாடும் நடைமுறையில் இருக்கிறது.

இருப்பினும், உயிருள்ள வைரஸைக் கொண்ட இம்மருந்து வெப்பத்தில் வீரியமிழப்பது. குளிர்பதனப் பெட்டி இல்லாத சிற்றூருக்கு அதனைக் கொண்டுசெல்லும் வழியிலேயே அது வீணாகிவிடும் நிலை ஏற்பட்டது. 1966-இல் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் நோயற்ற கோழிகளிலிருந்து பிரித்தெடுத்த வி-4 என்னும் தீங்கற்ற வகையிலிருந்து வெப்பத்தைத் தாங்கக்கூடிய மருந்து உருவாக்கப்பட்டது. 1980-களில் மலேசியாவில் அதனைத் தீனியோடு கலந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் நடந்தன. முற்றத்தில் திரியும் ஒரு சேவலைப் பிடித்து ஊசி போடும் சிரமத்தை உணர்ந்த அறிஞர்கள், ஏழையின் வீட்டு வாசலை நினைத்து மேற்கொண்ட இவ்வுழைப்பு போற்றத்தக்கது.

செல்வமும் வசதியும் மிகுந்த நாடுகளும் இந்நோயிடமிருந்து தப்பவில்லை. 1971-இல் தென் கலிபோர்னியாவில், இறக்குமதியான வளர்ப்புக் கிளிகளின் வாயிலாக அது நுழைந்தது. அதனை ஒழிப்பதற்குள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழிக்க நேர்ந்தது. 2002-இல் அதே பிரதேசத்தில் மீண்டும் தோன்றியபோது, அது பரவியது வீட்டுக் கொல்லைகளில் வளர்த்த போர்ச் சேவல்களிடையே. ஒரு வீட்டுச் சேவலுக்குக் காட்டும் அசிரத்தை ஒரு பிரதேசத்தின் கோழிச் செல்வத்தையே பாதிக்கும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

நம் காலத்தில் இக்கவலைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதுவும் வெள்ளைக் கழிச்சலைப் போலவே திடீரென மூண்டு கூட்டத்தையே மாய்ப்பது. மனிதருக்கும் அபாயம் விளைவிப்பது. வெள்ளைக் கழிச்சலின் வைரஸ்கூட அதனைக் கையாள்பவரின் கண்ணில் தற்காலிகமான வீக்கத்தை உண்டாக்கும். கண்ணால் மட்டும் பார்த்து இந்நோய்களைப் பிரித்தறிய வல்லவர் எவருமில்லை. ஒரு சேவல் பூச்சிமருந்து தெளித்த தானியத்தைத் தின்றும் சாகலாம். வெயிலின் கொடுமையாலும் வீழலாம். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பறவைகள் சாய்ந்தால், இறந்த உடலை வெறுங்கையால் தொடாமல், நோயுற்றதைத் தனித்து வைத்து, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதே வளர்ப்பவரின் முதற்கடமை.

வெள்ளைக் கழிச்சலைக் குணப்படுத்தும் மருந்து இன்று வரையில் கண்டுபிடிக்கப்படவில்லை. துணை நோய்களைத் தணிக்கலாம், தண்ணீரும் இளஞ்சூடும் கொடுத்துத் தாங்கலாம், அதற்கு மேல் மருத்துவரின் கையிலும் சாதனம் இல்லை. பழைய சேவற்காரர்களின் கைமருந்து தோற்றதற்கு அவர்களது அறியாமை காரணமன்று. நோய் வெளிப்பட்டபின் அதனை வெல்ல எவராலும் இயலாது என்பதே காரணம். குறிகளை உணரும் அவர்களது திறமை இன்றைக்கும் இன்றியமையாதது. நோயுற்ற சேவலைக் கண்டுகொண்ட அந்த நொடியில் அதன் உயிர் நம் கையை விட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதனோடு இரை பொறுக்கிய மற்றப் பறவைகளையும், அயல்வீட்டாரின் கூண்டுகளையும் காக்கும் அவகாசம் அப்பொழுதுதான் தொடங்குகிறது. அந்தச் சேவலையே காக்க விரும்புகிறவர் அதற்கான காலத்தை அது நலமாகக் கூவித் திரியும் நாட்களிலே தேடவேண்டும். கோடைக்கு முன் செலுத்தும் தடுப்பு மருந்துதான் அதன்மீது நாம் கொண்ட அன்புக்கு உரிய செயல்.